கிராம சபையில் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது: பயிற்சி யோசனை தேவை

வணக்கம். அக்டோபர் 2 கிராம சபைக்காக மகளிர் சுயஉதவிக் குழுக்களை நடத்தும் ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் பேச்சுப் பயிற்சி தருகிறோம். உங்கள் யோசனை வேண்டும்.

தன்மேல் சந்தேகம் வருவதே கெடுதல் என்று சொல்லமாட்டோம். சந்தேகப்படுகிறவர்தான் மோட்டார் எத்தனை நாளாக ஓடவில்லை என்று எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறார். தொல்லை வாயைத் திறந்த பிறகுதான். "எனக்குப் பேசத் தெரியாது, தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க" என்று தொடங்கினால் கூட்டம் சொந்தக் கதைக்குத் திரும்பிவிடும். அடுத்தது குரல். வாக்கியத்தின் கடைசியில் இறங்குகிறது. தமிழில் வினை கடைசியில்தானே! "அஞ்சாவது தெருவுக்குக் குழாய்" வரை கேட்கிறது, "போடணும்" காற்றோடு போகிறது. தீர்மானப் புத்தகத்தில் கோரிக்கை ஏறுவதில்லை.

இப்போது செய்வது: கோரிக்கையை 3 வரியில் எழுதி, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை 10 தடவை உரக்கச் சொல்ல வைக்கிறோம். முதல் வரியிலேயே தெருப் பெயர், நாள்கணக்கு. கையில் ஒரே துண்டுச்சீட்டு (முழுப் பேச்சையும் எழுதினால் தலை நிமிராது).

சிக்கியிருப்பது இங்கே: யாராவது "உட்காரும்மா" என்றால் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒத்திகையில் குறுக்கிட்டுப் பார்த்தோம், தெரிந்தவர் குறுக்கிட்டால் சிரிப்புதான் வருகிறது. இதற்கு என்ன பயிற்சி தருகிறீர்கள்? மைக் இல்லாத மரத்தடிக் கூட்டத்துக்கும் ஒத்துவருவதாகச் சொல்லுங்கள்.