இன்டர்லாக்கிங் = ? (பிணைப்பூட்டு / இடைப்பூட்டு / வேறு)

கும்பகோணத்திலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். ரயில்வே சிக்னல் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன் என்று போன மாதமே எழுதியிருந்தேன். சிக்னலுக்குக் கைகாட்டி இருக்கிறது, அப்பா தலைமுறை 'கைகாட்டி இறங்கிடுச்சு, வண்டி வருது' என்றுதான் பேசினார்கள், அதில் தகராறு இல்லை. லைன் கிளியர், லூப், பாயிண்ட், டோக்கன் இவற்றை அப்படியே விட்டாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. இன்டர்லாக்கிங்கில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 2025 ஜூலை 8 அன்று கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்களே, அப்போது 'இன்டர்லாக்கிங் இல்லாத கேட்' என்று செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. அது நம்ம லைன். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் எங்கள் தெருவில் சொல்ல ஆளில்லை.

கைவசம் உள்ளவை: பிணைப்பூட்டு, இடைப்பூட்டு, உள்ளிணைப்பு. எதைப் போடலாம்?

திருவையாற்றிலிருந்து

பிணைப்பூட்டுக்கு என் ஓட்டு. உள்ளிணைப்பில் பூட்டே இல்லை, தள்ளிவிடலாம். இடைப்பூட்டு என்றால் இரண்டு பூட்டுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு பூட்டு தொங்குவது போல இருக்கிறது. பிணைத்தல் என்றால் ஒன்றோடொன்று கட்டுதல். கைகாட்டியையும், வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பாயிண்டையும் கட்டிப்போடுகிறார்கள், பொருந்துகிறது. சொல்லும் அளவாக இருக்கிறது.

மயிலாடுதுறையிலிருந்து

புலவர் ஐயாவுக்கு மறுப்பு சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனாலும் பிணைப்பூட்டு வேண்டாம் ஐயா. பிணை என்றதும் கோர்ட்டு ஜாமீன் ஞாபகம் வருகிறது என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், அங்கே எதையும் எதோடும் கட்டிப்போடவில்லை. கட்டிப்போட்டால் ஒன்று நகரும்போது மற்றதும் கூடவே நகர வேண்டும். வீட்டு வாசலில் பதிக்கும் இன்டர்லாக் கல் இருக்கிறதே, ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்தில் கவ்விக்கொண்டு கிடக்கும், அதற்கு வேண்டுமானால் பிணைப்பு சரி. ரயில்வேயில் நடப்பது வேறு. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சிக்னல் பிரிவில் ஸ்பானர் பிடித்தவன், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் – மயிலாடுதுறை போல ஒற்றை லைனில், நேரே போகும் மெயின் ஒன்று, அதிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் லூப் ஒன்று என்று இரண்டே தண்டவாளம் உள்ள ஒரு சின்ன ஸ்டேஷனை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பக்கமிருந்து ஒரு வண்டி வருகிறது, அதை லூப்பில் வாங்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர், வண்டியை ஸ்டேஷனுக்குள் விடும் ஹோம் கைகாட்டியை இறக்கப் பார்க்கிறார். இறங்காது. ஏனென்றால் பாயிண்ட் இன்னும் மெயினுக்கே இருக்கிறது. பாயிண்டை லூப்புக்குத் திருப்புகிறார், இப்போதும் இறங்காது, பாயிண்ட் திரும்பியதோடு சரி, பூட்டு விழவில்லை. இதில் எவ்வளவு கறார் என்றால், பாயிண்டின் நாக்குக்கும் (நகரும் தண்டவாள முனை) பக்கத்துத் தண்டவாளத்துக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் தகடு ஒன்றைச் செருகிப் பார்ப்போம், அந்தத் தகடு இருக்கும்போது பூட்டு விழுந்துவிட்டால் அந்தப் பாயிண்ட் தேறவில்லை என்று அர்த்தம். சரி, பூட்டும் விழுந்தது. நடுவில் ரோடு குறுக்கே போகிறதா, அந்த கேட் மூடிப் பூட்டியிருக்க வேண்டும். அப்புறம் வண்டி நிற்க வேண்டிய கைகாட்டிக்கு அப்பாலும் கொஞ்ச தூரம், வண்ண விளக்கு சிக்னல் என்றால் 120 மீட்டர், காலியாக இருக்க வேண்டும், டிரைவர் கொஞ்சம் தவறி நழுவினாலும் எதிலும் முட்டாமல் இருக்க. இத்தனையும் ஆன பிறகுதான் கைகாட்டி இறங்கும்.

இது பாதிக் கதை. இறங்கிய நிமிடத்திலிருந்து எல்லாம் தலைகீழாகிறது. இப்போது அந்தப் பாயிண்டை யாராலும் திருப்ப முடியாது, கேட்டைத் திறக்க முடியாது. கைகாட்டியை மறுபடி ஆபத்துக்கு, அதாவது 'நில்' என்ற நிலைக்குத் தூக்கினால்தான் அவை விடுபடும். மயிலாடுதுறை பக்கமிருந்து இன்னொரு வண்டி அதே லூப்புக்கு வர வேண்டும் என்றாலும் அந்தக் கைகாட்டி அசையாது. நீடாமங்கலம் கேட்டில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், வண்டி கண்ணுக்கே தெரியாது, கேட் மட்டும் மூடிக் கிடக்கும், கேட் கீப்பரைத் திட்டாத ஆள் கிடையாது. அவர் நினைத்தாலும் திறக்க முடியாது என்பதுதான் விஷயம். சாவி அவர் கையில் இருக்கலாம், பூட்டு அவர் பேச்சைக் கேட்காது.

விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட் இந்த வகை இல்லை. இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், கேட் மூடியாச்சு என்று கீப்பர் ஒரு ரகசிய எண் கொடுப்பார், அச்சடித்த தாளில் வரிசையாக இருக்கும் எண்களில் ஒன்று, அதை எழுதிக்கொண்டு வண்டியை விடுவார்கள். முழுக்க வாய்வார்த்தையில் நடக்கிற வேலை. கேட் திறந்திருந்தாலும் கைகாட்டி இறங்கும், இறக்கியவருக்கு அது தெரியவும் தெரியாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் போக்குவரத்து குறைவான கேட்டுகளுக்கும் இன்டர்லாக்கிங் போட வேண்டும் என்று வரம்பைத் தளர்த்தினார்கள்.

ஆக, சொல்லில் இரண்டு விஷயம் வர வேண்டும். ஒன்று பூட்டு. அதை விடவே கூடாது, தொழிலில் அடிப்படையே அதுதான். 1889இல் அயர்லாந்தில் அர்மா பக்கம், மேட்டில் ஏற முடியாத வண்டியைப் பிரித்தபோது பின்பாதி உருண்டு வந்து, சில நிமிடம் விட்டு அனுப்பியிருந்த அடுத்த வண்டியில் மோதியது. எண்பது பேர் அளவில் செத்தார்கள், நிறையப் பேர் குழந்தைகள். அந்த வருடமே சட்டம் போட்டு அவர்கள் கட்டாயமாக்கிய மூன்றை இன்றும் லாக், பிளாக், பிரேக் என்றுதான் சொல்வார்கள். அதில் லாக் என்பது இதுதான். சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் 1856லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், நம் நாகப்பட்டினம் லைனில் வண்டி ஓட ஆரம்பித்ததே 1861இல்தான்.

இரண்டாவது, முறை. ரயில்வே பொது விதிகளில் இதற்குள்ள வரையறையைப் பாருங்கள், கைகாட்டியும் பாயிண்டும் மற்றவையும் சரியான வரிசையில் மட்டுமே இயங்கும்படி செய்த அமைப்பு என்றுதான் இருக்கும். அந்த வரிசைதான் இதன் உயிர். அதனால் என் சொல்: முறைப்பூட்டு.

திருவையாற்றிலிருந்து

விளக்கம் அருமை, சொல் சந்தேகம். மூன்று ஆட்சேபங்கள். முறைப்பெண், முறைமாமன் எல்லாம் வரிசையில் வந்து நிற்பார்கள், அது போகட்டும். 'முறைப்பு' என்று பிரித்துப் படித்தால் முறைப்பை ஊட்டுவது என்று ஆகிறது, கேட்டில் நிற்கிறவர்கள் முறைப்பதற்குப் பொருத்தம்தான் என்றாலும் அகராதிக்கு ஆகாது. மூன்றாவதுதான் முக்கியம். முறை என்றால் வரிசை என்கிறீர்கள். ஆனால் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிக்கும் ஒரே நேரத்தில் கைகாட்டி இறங்காது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே எது முதல், எது இரண்டாவது என்ற வரிசையே இல்லையே. இது இருந்தால் அது கூடாது, அவ்வளவுதான். அதை உங்கள் சொல் எப்படிப் பிடிக்கும்?

மயிலாடுதுறையிலிருந்து

மூன்றாவது கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது ஐயா. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்களே, காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்று. கல்லணையில் இந்தப் பக்கம் முறை நடக்கும்போது அந்தப் பக்கம் ஷட்டர் இறங்கியிருக்கும். அங்கே 'முறை' என்று நாம் சொல்வது வரிசையை மட்டுமா? ஒருவர் முறையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. யார் முதலில் என்பது எப்படியும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்து கூடாது. லூப்புக்கு வரும் இரண்டு வண்டிக்கும் அதே நியாயம்தான். முறைகேடு, முறையற்றது என்றெல்லாம் சொல்கிறோம், அந்த நியாய அர்த்தமும் கூடவே வருகிறது, எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

முறைப்பு ஊட்டுவதைப் பற்றி: கைப்பூட்டு, கதவுப்பூட்டு பார்த்த கண் இதையும் சரியாகவே பிரிக்கும்.

கேபின் அறைக்கு அடியில் பழைய லீவர் பிரேமை, அதாவது கைகாட்டியையும் பாயிண்டையும் இயக்கும் லீவர்கள் வரிசையாக நிற்கும் சட்டத்தைப் பார்த்தவர்கள் இருந்தால் இன்னும் சுலபமாக ஒத்துக்கொள்வார்கள். ஒரு லீவரை இழுத்தால் அதன் இரும்புப் பட்டை நகரும். பட்டையில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு கட்டை அந்தப் பள்ளத்தில் இருந்து வெளியே தள்ளப்பட்டு அடுத்த லீவரின் பள்ளத்தில் போய் உட்காரும், அது உட்கார்ந்திருக்கும்வரை அந்த லீவர் எத்தனை பேர் தொங்கினாலும் வராது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பள்ளங்கள் வேறு வேறு. எந்த முறைக்கு எது தடை என்பதை இரும்பில் வெட்டி எழுதிவைத்திருக்கிறார்கள் என்றே நான் நினைத்துக்கொள்வேன். பிறகு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வந்தது, இப்போது கம்ப்யூட்டர், பள்ளம் போய் நிரல் வந்தது. வேலை மாறவில்லை.

கும்பகோணத்திலிருந்து

எனக்கு ஏறக்குறைய சம்மதம். ஆனால் ஒரு சந்தேகம். கம்பி அறுந்தால் கைகாட்டி தானாக ஆபத்துக்குப் போய்விடும் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடப் போகிறேன் என்று பயம். ஒடிசா பாலசோர் விபத்தில் இன்டர்லாக்கிங் இருந்தும் எப்படி நடந்தது?

மயிலாடுதுறையிலிருந்து

வேறு வேறு தம்பி, கலக்காதீர்கள். அது பழுதானால் பாதுகாப்புப் பக்கம் சாய வேண்டும் என்ற கொள்கை. தண்டவாளத்தின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே வைத்திருப்பார்கள். வண்டியின் சக்கரம் ஏறினால் மின்சாரம் குறுக்கே போய் ரிலே விழும், சிக்னல் சிவப்பு. தண்டவாளம் உடைந்தாலும் பேட்டரி செத்தாலும் அதே ரிலே விழும், அதே சிவப்பு. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் லைனில் தண்ணீர் ஏறும்போது வண்டியே இல்லாமல் சிவப்பு விழும், எங்களுக்கு ராத்திரித் தூக்கம் போகும், ஆனால் யாருக்கும் ஆபத்தில்லை. தண்ணீர் தேங்கும் இடங்களில் இப்போது சக்கர அச்சுகளை எண்ணும் கருவி வைப்பதற்கு இது ஒரு காரணம். ஆபத்தானது இதற்கு நேர் எதிர்: அதிகம் வண்டி ஓடாத லைனில் துருப் படிந்து, சக்கரம் ஏறியும் ரிலே விழாமல் இருப்பது. கடலோர லைன்களில் அதற்குத்தான் பயப்படுவோம். இந்த ஃபெயில் சேஃப் கொள்கைக்குச் சொல் தேடினால் தனி இழை தொடங்குங்கள், அதில் நான் நிறையத் திட்டுவேன்.

பாலசோர், 2023 ஜூன் 2. முறைப்பூட்டு இருந்தது, அதற்குப் போன தகவல் பொய். கேட் வேலைக்காகச் சிக்னல் கம்பி இணைப்புகளை மாற்றியதில் நேர்ந்த தவறுகள்தான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. பாயிண்ட் லூப்புக்குத் திரும்பி இருக்க, மெயினுக்கு இருப்பதாகவே பூட்டு நம்பியது, கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பச்சை விழுந்தது. அதனால்தான் கம்பியைத் தொட்டால் மறுபடி ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் வண்டியை விடக் கூடாது என்று விதி. சோதனையை அவசரத்தில் சுருக்குவதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் கிடையாது.

சொல் நிற்குமா என்று பார்க்க, கூட்டுச் சொல்லில் போட்டு இழுத்துப் பாருங்கள். முறைப்பூட்டிய கேட், முறைப்பூட்டில்லாத கேட். மின்னணு முறைப்பூட்டு. 'இன்டர்லாக்கிங் பணி காரணமாக ரயில்கள் ரத்து' என்று பேப்பரில் வருகிறதே, அது முறைப்பூட்டுப் பணி. அந்தப் பணி நடக்கும் நாட்களில் பூட்டு துண்டிக்கப்பட்டிருக்கும், பாயிண்டை ஆள் போய்க் கிளாம்ப் போட்டுக் கையால் பூட்டுவார், வண்டி 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அதன் மேல் போகக் கூடாது. ஏன் இத்தனை ரத்து என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

திருவையாற்றிலிருந்து

மின்னணுப் பிணைப்பூட்டு என்று சொல்லிப் பார்த்தேன், உங்களுடையதுதான் நாக்கில் நிற்கிறது. முறைத்தண்ணீர் வாதத்துக்கு எதிராக இந்த மாவட்டத்தில் யாரும் ஜெயிக்க முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வினையாக 'முறைப்பூட்டினார்' என்று எழுதாதீர்கள், 'முறைப்பூட்டு அமைத்தார்' என்றே இருக்கட்டும். 'முறைப்பூட்டிய கேட்' என்பதையும் 'முறைப்பூட்டுள்ள கேட்' என்று மாற்றலாம்.

கும்பகோணத்திலிருந்து

சரி, இப்படிப் போடுகிறேன்:

முறைப்பூட்டு: கைகாட்டி, பாயிண்ட், கேட் ஆகியவை பாதுகாப்பான முறையில் மட்டுமே இயங்கவும், முரண்படும் இரண்டு ஒரே நேரத்தில் இயங்காதிருக்கவும் ஒன்று மற்றதைத் தடுக்கும்படி செய்த பூட்டமைப்பு. வழக்கில்: இன்டர்லாக்கிங்.

ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன், மாற்றுக் கருத்து வராவிட்டால் தொகுப்பில் ஏற்றிவிடுவேன். அந்த 120 மீட்டருக்கு, அதாவது ஓவர்லாப்புக்கு, 'மேற்படிவு' என்று ஒரு பட்டியலில் கிடக்கிறது. மயிலாடுதுறை அண்ணனுக்கு ரத்தம் கொதிக்கும் என்று தெரியும், அடுத்து அதை எடுக்கலாம்.