புகையைக் குறைத்தவர்களுக்குப் பாராட்டு விழா: பட்டியலில் யார் பெயர் வரவேண்டும்?

டீமேக்கர்_கோத்தகிரி:

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் டீமேக்கராக, அதாவது தூள் தயாரிப்பைக் கவனிப்பவனாக இருக்கிறேன். சொந்த எஸ்டேட் கிடையாது, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்குகிற ஃபேக்டரி. ஆயுத பூஜை அன்று ‘புகை குறைத்த அணி’ என்று ஒரு பாராட்டு விழா வைக்க முதலாளிக்கு ஆசை. ஷீல்டு, சான்றிதழ், சால்வை எல்லாம் உண்டு. பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

இலையை உலர்த்தும் டிரையருக்குச் சூடான காற்று கொடுக்கும் ஹீட்டரில் எங்களுக்கு விறகுதான். கற்பூர மரம், சீகை மரம், எது கிடைக்கிறதோ அது. முன்பெல்லாம் லாரியில் வந்த கட்டையை ஈரத்தோடு அப்படியே உள்ளே தள்ளுவோம். சிம்னியில் கரும்புகை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற நாட்களில் அந்தப் புகை மேலே எழும்பாமல் கீழே பள்ளத்தில் இருக்கும் ஊர் மேல் அப்படியே படுத்துவிடும். காயப்போட்ட துணியெல்லாம் கரி என்று ஊர்க்காரர்கள் கேட் வரைக்கும் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. விறகுக்குக் கூரை போட்டோம். மழைக்கு முன்பே வாங்கி, மெல்லிசாகப் பிளந்து, காற்று போகும்படி அடுக்கிக் காய வைக்கிறோம். ஒரேயடியாகத் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறார்கள். வார விடுமுறையில் ஹீட்டர் டியூப்பில் படிந்த கரியைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் போய்க்கொண்டிருந்த விறகு இப்போது ஒரு கிலோ சொச்சத்தில் நிற்கிறது.

ஆபீஸிலிருந்து வந்த மாதிரிப் பட்டியலில் மேனேஜர், நான், எலக்ட்ரீஷியன், அக்கவுண்டன்ட், அப்புறம் ஐந்தாவதாக ஒரு ஃபயர்மேன் (ஹீட்டருக்கு விறகு போடுபவர்). இன்னொரு ஷிஃப்ட் ஃபயர்மேன் பெயர் இல்லை. விறகு பிளக்கிறவர்கள், அடுக்குகிற அக்காக்கள் பெயரும் இல்லை. ‘அவங்க மேஸ்திரி ஆளுங்க, நம்ம ரோல்ல இல்ல’ என்று பதில். பிளக்கிறவர்களில் பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள்.

பெரிய ஆலைகளில் இந்த மாதிரி விருதுக்கு ஆள் எடுப்பது எப்படி? எதை வைத்து அளப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்_சிவா:

ஷீல்டை வைத்து என்ன செய்வது நண்பா, வீட்டில் அலமாரியே இருக்காது. கவரில் பணம் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே தொகை. முடிந்தது.

மஞ்சூர்_தூள்:

நானும் உங்கள் தொழில்தான். அளவு பற்றி இரண்டு விஷயம் சொல்கிறேன்.

கிலோ தூளுக்கு எத்தனை கிலோ விறகு என்பது நல்ல கணக்குதான், ஆனால் மாதத்தோடு மாதம் ஒப்பிடாதீர்கள். கொட்டுகிற மழையில் பறித்த இலை தண்ணீரோடு வரும். அதை வாட்டவும் உலர்த்தவும் விறகு கூடத்தான் போகும். பிப்ரவரியில் அதே ஆள், அதே ஹீட்டர், கணக்கு அழகாக வரும். போன வருஷத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் ஃபயர்மேனுக்கு நியாயம்.

அடுத்தது, விறகை மிச்சம் பிடிக்கிறேன் என்று சூட்டைக் குறைத்துவிடுவார்கள். தூளில் ஈரம் சுமார் மூன்று சதவீதத்தில் நிற்க வேண்டும். அது ஏறினால் சாக்கில் இருக்கும்போதே வாசம் போய், குன்னூர் ஏலத்தில் விலை அடிபடும். விறகு குறைந்து ஈரம் ஏறினால் அது மிச்சமே இல்லை, விருதுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

கூரை போட்டுக் காய வைத்தது ரொம்ப சரி. பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நாம் விறகு எரிக்கிறோம். அடுப்பு சூடு இறங்குகிறது, பாதி எரிந்தும் எரியாமலும் புகையாக வெளியே போகிறது.

கோக்_அவன்_தாத்தா:

தம்பி, நான் வடக்கே ஒரு பெரிய இரும்பாலையில் கோக் அவன் (oven, நிலக்கரியை வேகவைக்கும் சூளை) பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஊட்டியில் மகள் வீட்டில், கம்பளித் தொப்பியும் மஃப்ளருமாக உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் விறகு ஹீட்டருக்கும் எங்கள் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் விருதுப் பட்டியல் எழுதும் லட்சணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

நிலக்கரியைக் காற்று படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் பதினாறு, பதினெட்டு மணி நேரம் வேகவிட்டால் கோக் கிடைக்கும். இரும்பு உருக்கும் ஊதுலைக்கு அதுதான் தீனி. ஒவ்வொரு அவனும் குறுகலான, உயரமான, நீளமான ஒரு அறை. அகலம் ஒன்றரை அடி சுமாருக்குத்தான் இருக்கும். இரண்டு முனையிலும் கனமான இரும்புக் கதவு. வெந்த கோக்கை வெளியே தள்ளும்போது கதவைக் கழற்றுவார்கள். அப்போது பார்த்தால் கதவு விளிம்பிலும் சட்டத்திலும் தார் கெட்டியாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டு மூடினால் கதவு கச்சிதமாக உட்காரும். விட்டுவிட்டால் அடுத்த முறை கரி போட்டதும் இடுக்கு வழியே மஞ்சளும் பழுப்புமாகப் புகை கிளம்பும். கண் எரிச்சலோடு போகிற புகை இல்லை அது. கோக் தயாரிக்கும் வேலையில் ஆட்கள் சுவாசிப்பதை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

சுரண்டுவதற்கு மெஷின் உண்டு. மெஷின் எட்டாத மூலையை ஆள்தான் நீளக் கம்பியால் சுரண்ட வேண்டும். முன்னால் அவன் செக்கச்செவேல் என்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கொஞ்ச நேரம்தான், அதற்குள் மேல் மூலை, கீழ் மூலை எல்லாம் முடித்துக்கொண்டு பின்னால் வந்துவிட வேண்டும். எங்கள் பிரிவில் அந்த வேலை செய்தவர்கள் எல்லாரும் காண்ட்ராக்ட்.

ஒரு வருஷம் கதவுக் கசிவு நன்றாகவே குறைந்தது. பெரிய விழா எடுத்தார்கள். ஷிஃப்ட் இன்சார்ஜ், பராமரிப்பு எஞ்சினியர், சுற்றுச்சூழல் பிரிவு அதிகாரி மேடை ஏறினார்கள். கம்பி பிடித்தவர்களுக்கு லட்டு பாக்கெட்கூடப் போய்ச் சேரவில்லை, விழா நடந்த மண்டபத்துக்கு அவர்களுடைய கேட் பாஸ் செல்லாதாம். அதற்கப்புறம் யாரும் கொடி பிடிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. மேல் மூலையைச் சுரண்டுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். புகை பழையபடி வந்துவிட்டது.

இன்னொன்று, எண்ணும் நேரம். கசிவை அளப்பது சுலபம். ஒருவர் நோட்டோடு அவன் வரிசை நெடுக நடந்து, புகை தெரிகிற கதவுகளை எண்ணி, மொத்தக் கதவுகளில் அது எத்தனை சதவீதம் என்று போடுவார். ஆனால் கரி போட்ட கையோடுதான் கசிவு அதிகம். நேரம் போகப் போக அந்தத் தாரே இடுக்கில் உறைந்து தானாக அடைத்துக்கொள்ளும். அதனால் எப்போது நடக்கிறோம் என்பதை வைத்து எண்ணிக்கை மாறும். விருது என்று அறிவித்த பிறகு எங்கள் ஆள் டீ குடித்து, பேப்பர் படித்து, ஆற அமரத்தான் நோட்டைக் கையில் எடுப்பார்.

உங்களுக்கும் ஹீட்டரைப் பற்ற வைக்கிற நேரம்தான் மோசமான புகை. பதினோரு மணிக்கு சிம்னியை போட்டோ எடுத்தால் எந்த ஃபேக்டரியும் சுத்தமாகத்தான் தெரியும். பற்ற வைக்கும்போது பாருங்கள். ரிங்கல்மேன் அட்டை என்று ஒன்று உண்டு, பழைய சமாச்சாரம்தான், செலவும் கிடையாது. வெள்ளையிலிருந்து முழுக் கருப்பு வரை ஐந்து படி, ஒரு படிக்கு இருபது சதவீதம் கருப்பு. சிம்னி வாய்க்கு நேராகப் பிடித்து எந்தப் படியோடு ஒத்துப்போகிறது என்று குறிக்க வேண்டும். குறிக்கிற ஆள் ஃபேக்டரிக்காரராக இல்லாமல், துணியில் கரி என்று சண்டைக்கு வந்த ஊர்க்காரர்களில் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஷீல்டா பணமா என்றால், சிவா தம்பி சொன்னது சரி. கையுறை, முகமூடி, கம்பளி இதையெல்லாம் பரிசு என்று பேப்பர் சுற்றிக் கொடுத்துவிடாதீர்கள். வேலைக்கு எடுத்த அன்றே கொடுத்திருக்க வேண்டியது அது.

கோவை_தரவட்டம்:

தாத்தா சொன்ன மாதிரி ஆலைகளில் இதற்கெல்லாம் பழைய வழி தரவட்டம்தான் (குவாலிட்டி சர்க்கிள்). ஒரே இடத்தில் வேலை செய்கிற ஏழெட்டுப் பேர் வாரம் ஒரு முறை உட்கார்ந்து, ஒரு பிரச்சினையை எடுத்து, காரணம் தேடித் தீர்ப்பது. இந்தியாவில் முதலில் 1980ல் ஹைதராபாத் பெல் (BHEL, பாரத மிகுமின் நிறுவனம்) ஆலையில் ஆரம்பித்தார்கள். அதில் ஒரு நல்லது என்னவென்றால், கூட்டம் முடிகிறபோது யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பு எழுதிவிடுவார்கள். விருது நேரத்தில் பெயர் தேடி அலைய வேண்டாம்.

வெளியே அனுப்ப நினைத்தால், ஆலைத் தொழிலாளர்கள் சொல்லும் நல்ல யோசனைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் விஸ்வகர்மா தேசிய விருது என்று ஒன்று கொடுத்து வந்தது, இப்போதும் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் பசுமை முதன்மையாளர் விருதும் 2021ல் அறிவித்ததிலிருந்து இருக்கிறது, அதற்குத் தொழிற்சாலைகளும் விண்ணப்பம் போடலாம், ஒரு லட்சம் ரூபாய். ஆனால் அது ஃபேக்டரி பெயருக்குப் போகும். பணம் ஃபயர்மேன் கைக்கு வருமா என்பதை முதலாளியிடம் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கொடை_மூஞ்சிக்கல்:

பழனி மலைக்காரன் நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?

எங்கள் ஊர் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி கதை எல்லாருக்கும் தெரியும். 2001 மார்ச்சில் இதே மூஞ்சிக்கல்லில், பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளியே தெரிந்தது. ஊர்க்காரர்களும் அங்கே வேலை செய்தவர்களும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். ஃபேக்டரி மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016ல்தான் நிவாரண ஒப்பந்தம் வந்தது. மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய வழக்கு அதற்கப்புறமும் ஓடியது. ஃபேக்டரியின் பின்பக்கச் சரிவு இறங்குகிறது பாம்பார் சோலைக் காட்டுக்குள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குறைத்தவர்களுக்குத்தான் எங்கும் விருது கொடுக்கிறார்கள். ‘இங்கே ஒழுகுகிறது’ என்று வந்து சொல்கிறவனை யாரும் கூப்பிட்டு சால்வை போடுவதில்லை, அவன் வாயாடி என்று பெயர் வாங்கிக்கொண்டு போவான். டியூப் ஓட்டையாகிப் புகை தூளில் ஏறுகிறது என்று உங்கள் ஃபேக்டரியில் முதலில் வந்து சொன்னது யார்? அந்த மாதிரி ஆள் ஒருவர் இருந்தால் அவருக்கும் பட்டியலில் இடம் வையுங்கள் அண்ணா.

டீமேக்கர்_கோத்தகிரி:

எல்லாருக்கும் நன்றி. கொடைக்காரர் கேட்டதும் எனக்குச் சட்டென்று ஒரு முகம் ஞாபகம் வந்தது. விறகு அடுக்குகிற அக்கா ஒருவர். அடியில் இருக்கிற கட்டை பூஞ்சை பிடித்து ஈரமாகவே இருக்கிறது, தரையில் போடாதீர்கள், கீழே குறுக்குக் கட்டை வையுங்கள் என்று மேனேஜரிடம் சொல்லி, ‘உன் வேலையைப் பார்’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். பிறகு அவரே உடைந்த பலகைகளை இழுத்துவந்து போட்டு அதன் மேல் அடுக்க ஆரம்பித்தார். எங்கள் விறகு காய்ந்ததற்குக் கூரை பாதி, அந்தப் பலகை பாதி.

இன்று முதலாளியிடம் பேசினேன். ரோலில் இல்லாதவர்கள் பெயரும் வரலாம் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு ஷிஃப்ட் ஃபயர்மேன்களும் உண்டு. அக்கவுண்டன்ட் பெயரை எடுத்துவிட்டேன், என் பெயரையும்தான். அக்கவுண்டன்ட் இப்போது என்னோடு பேசுவதில்லை. சான்றிதழ் தமிழில், ஜார்க்கண்ட் தம்பிகளுக்கு இந்தியில். பணம் எல்லாருக்கும் ஒரே அளவு. போன வருஷ அதே மாதக் கணக்கு, தூளில் ஈரம், இரண்டையும் மஞ்சூர்க்காரர் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊர்க்காரரைக் கூப்பிட்டுச் சிம்னியைப் பார்க்கச் சொல்வது மட்டும் முடியாது என்றார். நாமே ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்கிறார். அதை இன்னொரு நாள் கேட்டுப் பார்க்கிறேன். காலையில் பற்ற வைக்கும்போது அட்டை பிடித்துக் குறிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

இப்போது புதுத் தகராறு. மேஸ்திரி தனக்கும் சால்வை வேண்டும் என்கிறார். ஆட்களைக் கொண்டுவந்ததே நான்தானே என்கிறார். பண்டிகை நேரத்தில் அவர் ஆளை நிறுத்திவிட்டால் ஃபேக்டரி ஓடாது. என்ன செய்வது?

கோக்_அவன்_தாத்தா:

போட்டுவிடுங்கள் தம்பி, சால்வை என்ன விலை வந்துவிடப் போகிறது. கவரை மட்டும் அவர் கையில் கொடுத்து அனுப்பாமல், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுங்கள். பலகை போட்ட அந்த அக்காவை முதலில் கூப்பிடுங்கள்.