மாடு எங்கே பிறந்தது என்று சொல்ல வேண்டுமா? அமெரிக்க இறைச்சி லேபிள் பற்றிய விவாதம்

செங்கதிர்:
2015 டிசம்பரில் மாட்டிறைச்சிக்கும் பன்றியிறைச்சிக்கும் மூலநாட்டைக் குறிப்பிடும் கட்டாயத்தை அமெரிக்கா நீக்கியதால் வாங்குபவர் எதையும் இழக்கவில்லை என்று நேற்று கூர்நோக்கு எழுதியதைப் படித்ததும் பொறுக்க முடியவில்லை. மெக்சிகோவில் பிறந்த கன்று டெக்சாஸில் கொழுக்க வைக்கப்பட்டு அங்கேயே வெட்டப்பட்டால், அது பிறந்த நாட்டை 2013ஆம் ஆண்டின் விதி லேபிளில் எழுத வைத்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. இது இழப்பு இல்லையா?

கூர்நோக்கு:
எங்கே பிறந்த மாடாக இருந்தாலும் அதே இறைச்சிக்கூடத்தில், அதே கூட்டாட்சி ஆய்வாளர்களின் கண்முன்தான் வெட்டப்படுகிறது. பிறந்த இடம் இறைச்சியின் பாதுகாப்பை மாற்றாது என்பதை எத்தனை முறை எழுதுவது?

செங்கதிர்:
பாதுகாப்பைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை, ஐயா. கன்று எங்கே பிறந்தது என்பதை வாங்குபவரிடம் ஏன் மறைக்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

நெய்தல்:
மறைக்கும் எண்ணத்தில் நீக்கவில்லை. கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து வென்றன. ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் பதில் வரி விதிக்க அவற்றுக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் சுமையை உங்கள் கன்றா தாங்கும்?

செங்கதிர்:
தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள். வாங்குபவருக்குத் தகவல் தரும் நோக்கம் முறையானது என்று 2012இல் மேல்முறையீட்டு அமைப்பே ஏற்றுக்கொண்டது. பண்ணையாளர்கள் மீது சுமத்தப்பட்ட பதிவேட்டுச் சுமைக்கு ஈடான தகவல் கடைக்கு வந்து சேரவில்லை என்பதே அது கண்ட குறை. அப்படியானால் கூடுதல் தகவல் தரும்படி சட்டத்தைத் திருத்தியிருக்க வேண்டாமா?

கூர்நோக்கு:
2013இல் அதைத்தானே செய்தார்கள்? பிறப்பு, வளர்ப்பு, வெட்டு என மூன்றையும் தனித்தனியே எழுத வைத்தார்கள்; 2015இல் அதுவும் தோற்றது. தோற்ற பகுதியை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். பால் விவாதத்திலும் இதே வழக்கம்தான், பாதியில் காணாமல் போனீர்கள்.

செங்கதிர்:
பால் விவாதத்தை இங்கே இழுப்பதிலிருந்தே உங்களிடம் பதில் இல்லை என்று தெரிகிறது. கோழி, செம்மறி, வெள்ளாடு, மீன், காய்கனி அனைத்துக்கும் இன்றும் இந்தக் கட்டாயம் இருக்கும்போது, மாட்டுக்கும் பன்றிக்கும் மட்டும் ஏன் விலக்கு? கன்று எங்கே பிறந்தது?

நெய்தல்:
பச்சை வேர்க்கடலைக்கு நாட்டை எழுத வேண்டும், வறுத்த கடலைக்கு வேண்டாம் என்பதும் அதே சட்டம்தான். அதற்கு ஏன் நீங்கள் கொதிக்கவில்லை?

செங்கதிர்:
கடலையைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கேயும் வந்து பதில் சொல்கிறேன். பிற நாட்டிலிருந்து வந்த இறைச்சியை இங்கே வெட்டிப் பொதி செய்தாலே "அமெரிக்கத் தயாரிப்பு" என்று அச்சிட முடிந்த காலம் நீண்டது. பிறந்து, வளர்ந்து, வெட்டப்பட்டு, பதப்படுத்தப்பட்டது அனைத்தும் அமெரிக்காவிலேயே நடந்திருந்தால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று வேளாண் துறை 2024இல் விதி செய்தது. 2026 ஜனவரி 1 முதல் அது கட்டுப்படுத்துகிறது. பிறந்த இடம் பொருட்டே இல்லையென்றால் அந்த விதியில் முதல் சொல்லாகப் பிறப்பு ஏன் நிற்கிறது?

கூர்நோக்கு:
விரும்பியவர் அச்சிடலாம் என்னும் விதி அது. என் தரப்பும் அதுவே: விரும்புகிறவர் எழுதட்டும்.

செங்கதிர்:
வெளிநாட்டில் பிறந்த மாட்டை வாங்கி வெட்டுபவர் விரும்பி எழுதுவார் என்று நீங்கள் நம்பலாம், நான் நம்பவில்லை. அவர் லேபிளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார், சட்டமும் அவரைக் கேட்காது.

கூர்நோக்கு:
வெறுமையாக இருந்தால் வாங்காமல் போங்கள். உங்கள் ஐயத்துக்காகக் கனடாவின் பன்றிப் பண்ணையாளர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?