டர்பன் (தென்னாப்பிரிக்கா): மேடைக் காமெடியும் விளம்பர நடிப்பும் சேர்ந்து ஓட்டுவது எப்படி?

கேள்வி (பீனிக்ஸ்வாசி):
வணக்கம். ஓப்பன் மைக்கில் (யார் வேணும்னாலும் ஏறிப் பேசலாம்ங்கிற காமெடி மேடை) 5 நிமிஷம் தாக்குப்பிடிக்கச் சரக்கு இருக்கு. இப்போ ஒரு நடிகர் ஏஜென்ட் கையெழுத்து கேக்கிறாங்க. விளம்பரத் தேதியும் ஷோவும் மோதினா என்ன பண்றது? செல்ஃப் டேப்பில் (நாமே எடுத்து அனுப்புற நடிப்புத் தேர்வு வீடியோ) எது கவுத்துவிடும்? தீபாவளிக்கு ஒரு கம்பெனி 20 நிமிஷம் கேக்குது, முன்கூட்டி என்னென்ன பேசி வெச்சுக்கணும்?

பதில் 1 (கால்ஷீட்):
தம்பி, தேதியில்தான் முதல் அடி விழும். கேப் டவுனில் வெளிநாட்டு விளம்பரங்கள் அதிகம் எடுக்கிறது அக்டோபரில் ஆரம்பிச்சு மார்ச், ஏப்ரல் வரை. ஐரோப்பாவில் அப்போ குளிர், இங்கே வெயில். தீபாவளி நிகழ்ச்சியும் ஆபீஸ் வருஷக் கடைசி விருந்தும் அதே சீசன். காஸ்டிங் (நடிகர் தேர்வு) முடிஞ்சதும் உங்க நாளை 'பென்சில்' போடுவாங்க. அது காசில்லாத முன்பதிவு, எப்போ வேணும்னாலும் அழிப்பாங்க. ஷோ உறுதியான அன்னைக்கே ஏஜென்ட்டுக்கு எழுத்தில் அனுப்புங்க. பென்சில் நாளுக்கு ஷோ வந்தா, 'உறுதியா, விடுறீங்களா'ன்னு விளம்பரக்காரங்ககிட்ட ஏஜென்ட்டையே கேட்கச் சொல்லுங்க.

விளம்பரத்தில் நாள் சம்பளம் வேற, பயன்பாட்டுக் கட்டணம் (எடுத்த விளம்பரத்தை ஓட்டுறதுக்கான காசு) வேற. எந்த நாடுகள், எந்த ஊடகம், எத்தனை மாசம், மூணும் தாளில் இருக்கணும். 'உலகம் முழுக்க, எல்லா ஊடகமும், காலவரம்பில்லாமல்'னு இருந்தா, பிறகு எத்தனை வருஷம் ஓடினாலும் தனிக் காசு கேட்க வழியில்லை. போட்டிக் கம்பெனித் தடையையும் படிங்க. செல்போன் கம்பெனி விளம்பரம் பண்ணிட்டு, எதிர்க் கம்பெனி விருந்தில் ஜோக் சொல்லலாமா, கூடாதா? பல ஒப்பந்தங்களில் இது தெளிவா இருக்காது, கேட்டு எழுதி வாங்கணும்.

ஏஜென்ட் ஒப்பந்தத்தில் ஒரு வரி மறக்காதீங்க: கமிஷன் நடிப்புக்கும் விளம்பரத்துக்கும் மட்டும். இல்லேன்னா நீங்களே பிடிச்ச ஷோவிலும் பங்கு போகும். நடிகர் இங்கே பெரும்பாலும் சுயேச்சை ஒப்பந்தக்காரர், தொழிலாளர் சட்டம் கைகொடுக்கும்னு நம்பி உட்கார முடியாது. சந்தேகம்னா தென்னாப்பிரிக்க நடிகர் சங்கமான 'சாகா'வைக் கேளுங்க.

பதில் 2 (மைக்டெஸ்ட்):
டேப்: போன் படுக்கைவாட்டில், கண் உயரத்தில், ஸ்டாண்டில். வெறும் சாம்பல் சுவர், நெஞ்சுக்கு மேல் பிரேம். எதிர்வசனம் படிக்கிறவர் லென்ஸை ஒட்டி நிக்கணும், உங்களைவிடச் சன்னமா படிக்கணும். பார்வை அவர்மேல். உங்க பேரைச் சொல்லும்போது மட்டும் லென்ஸைப் பாருங்க.

மேடைக்காரங்க ரெண்டு இடத்தில் சறுக்குவாங்க. கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் குளோசப்பில் கத்தலா இருக்கும். ஜோக்குக்குப் பிறகு சிரிப்புக்காக விடுற இடைவெளி, டேப்பில் வசனம் மறந்த மாதிரி தெரியும்.

'இந்தியன் அக்சென்ட்'னு ஸ்கிரிப்ட் சொன்னா டர்பனா, மும்பையான்னு ஏஜென்ட்கிட்ட கேட்டுட்டு நடிங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்கு ரெண்டும் ஒண்ணுதான், நமக்கில்லை.

பதில் 3 (சுந்தரி அக்கா):
கம்பெனி ஷோ வேற விலங்கு. 20 நிமிஷம் கேட்டா 26, 27 நிமிஷச் சரக்கு கையில் வேணும். சிரிப்பும் நேரத்தில் சேர்த்தி. கூட்டம் சிரிக்காட்டி 20 நிமிஷ செட் 15லேயே தீர்ந்துடும். உங்க 5ஐ இழுத்து நீட்டப் பார்க்காதீங்க. இருக்கிறது 12தான்னா 10 மட்டும் ஒத்துக்குங்க.

சாப்பாடு பரிமாறும்போது ஏறவே கூடாது. பிரியாணி மேசைக்கு வந்தா கரண்டிச் சத்தத்தோடதான் போட்டி. மேடைக்கும் முதல் மேசைக்கும் நடுவில் டான்ஸ் ஃப்ளோர் காலியா கிடந்தா சிரிப்பு அங்கேயே செத்துடும். மேசையை இழுக்கச் சொல்லுங்க, இல்லே இறங்கி நில்லுங்க. கைமைக் ஸ்டாண்டோட கேளுங்க, போடியம் மைக்கோடு கட்டிப்போட்டா உடம்பு வேலை செய்யாது. பாதிப் பணம் தேதி உறுதியாகும்போது, மீதி மேடை ஏறுமுன்.

ஹாலில் தெலுங்கு, குஜராத்தி, ஜூலு எல்லாரும் இருப்பாங்க. தமிழ்ச் சொல் ஜோக்கின் நடுவில் வரட்டும், கடைசிச் சொல்லா வேண்டாம். புரியாத கடைசிச் சொல்லுக்கு யார் சிரிப்பா?

பதில் 4 (கணக்குப்புள்ளை):
வரியைப் பத்தி யாருமே பேசலையே. படப்பிடிப்புச் சம்பளத்தில் பெரும்பாலும் 25 சதவீதம் பிடிச்சுக் கட்டிடுவாங்க, பிடிச்ச வரிக்கு அத்தாட்சியான ஐ.ஆர்.பி. 5 சான்றிதழ் கேட்டு வாங்குங்க. ஷோ பணத்தில் யாரும் பிடிக்கறதில்லை, ஒவ்வொண்ணிலும் கால்வாசியைத் தனிக் கணக்கில் போடுங்க. தற்காலிக வரியை (வருமானத்தை மதிப்பிட்டு முன்கூட்டிக் கட்டுறது) ஐ.ஆர்.பி. 6 படிவத்தோடு ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் வரித்துறையான சார்ஸுக்குக் கட்டணும். தீபாவளி, டிசம்பர் காசெல்லாம் பிப்ரவரியில்தான் கணக்குக்கு வரும். ஜனவரியிலேயே செலவழிச்சவங்கதான் மாட்டுவாங்க.