வைல் லூப்: "36 அடி வரும்வரை" என்றதும் நிபந்தனையைத் தலைகீழாக எழுதும் பிள்ளைகள்

கேள்வி (கிளிநொச்சி)
உயர்தர வகுப்பு, பைத்தன் 3 என்ற கணினி மொழி. பாடம் வைல் லூப், அதாவது நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை உள்ளே உள்ள வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டளை. கொடுத்த கணக்கு இது: இரணைமடுக் குளத்தில் தண்ணீர் 34 அடி, அதாவது 408 அங்குலம். மணிக்கு 3 அங்குலம் ஏறுகிறது என்று வைப்போம். 36 அடி (432 அங்குலம்) வரும்வரை ஒவ்வொரு மணிக்கும் உயரத்தைக் காட்ட வேண்டும். பாதிப் பேர் எழுதுவது:

உயரம் = 408
வைல் உயரம் == 432:
    உயரம் = உயரம் + 3
    பிரிண்ட்(உயரம்)

பிழைச் செய்தி இல்லை. திரையும் வெறுமை. சிலருக்கு நிற்காமல் ஓடுகிறது. எங்கிருந்து திருத்துவது?

பதில் 1 (வவுனியா)
சேர், பிழை கேள்வியின் "வரும்வரை"யில் இருக்கிறது. அது எப்போது நிறுத்துவது என்று சொல்கிறது. வைல் கேட்பதோ எப்போது ஓடுவது என்று. 408 உம் 432 உம் சமமில்லை, ஆகவே முதல் சோதனையிலேயே பொய். உள்ளே போகவே இல்லை. சாதாரண தரத்தில் பாஸ்கல் மொழி படித்தவர்களுக்கு ரிப்பீட் அன்ரில் ("வரும்வரை திரும்பச் செய்") என்ற லூப் நினைவிருக்கும், அங்கே நிபந்தனை மெய்யானால் நிற்கும். பைத்தனில் அது இல்லை.

கேள்வியை "432 இலும் குறைவாக இருக்கும்வரை" என்று பிள்ளைகளே மாற்றிச் சொல்லட்டும், பிறகு எழுதட்டும்:

வைல் உயரம் < 432:

கணினியைத் தொட முன் கொப்பியில் மூன்று நிரலுள்ள அட்டவணை: சோதிக்கும் உயரம், மெய்யா பொய்யா, புதிய உயரம். 408, மெய், 411. அப்படியே 429, மெய், 432. கடைசியாக 432, பொய். உள்ளே 8 தடவை, சோதனை 9 தடவை. "குறைவாக என்றுதானே எழுதினோம், 432 ஏன் திரையில் வந்தது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி அது, அவசரப்பட்டுக் கடக்க வேண்டாம். சோதனை லூப்பின் தலையில் மட்டும்தான். கூட்டியவுடன் யாரும் சோதிப்பதில்லை.

பதில் 2 (மாங்குளம்)
நிற்காமல் ஓடுபவற்றில் முதலில் உள்தள்ளலை (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை) பாருங்கள். பிரிண்ட்டை முதலில் எழுதி, அதற்குக் கீழே கூட்டும் வரி இடது ஓரத்துக்கு வந்திருந்தால் அது லூப்புக்கு வெளியே, 408 மாறாது. கொன்ட்ரோல், சீ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும். இதை முதல் நாளே பழக்குங்கள், பிள்ளைகள் கணினியை அணைக்கப் போவார்கள்.

அடுத்தது, "0 தந்தால் நிறுத்து" வகைக் கணக்கு. பிள்ளை அடிப்பதை வாங்கும் இன்புட் தருவது எழுத்துச்சரம், எண் அல்ல. இன்ட் போட்டு முழு எண்ணாக மாற்றாவிட்டால் அது 0 என்ற எண்ணுக்குச் சமமாகாது, எத்தனை தரம் 0 அடித்தாலும் ஓடும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. அங்குலத்தை விட்டு அடியிலேயே தசமத்தில் கொடுக்கலாமா?

பதில் 2
0.25 கூட்டினால் சிக்கலில்லை, அதை இரும எண்ணில் சரியாக எழுதலாம். 0.1 அப்படியல்ல: 0 இலிருந்து பத்துத் தரம் கூட்டினால் 0.9999999999999999 தான் வரும். "1 க்குச் சமமில்லாதவரை" என்று எழுதியவருக்கு லூப் 1 ஐத் தாண்டிப் போய்விடும். தொடக்கத்தில் அங்குலமே இருக்கட்டும்.