புது ஏர் ரைஃபிள்: புகை, சிதறல்

கேள்வி (புதுச்சேரி): .177 (அங்குலக் குழல்) ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், புதுசு. சுட்டா புகை, எண்ணெய் வாடை, வெடிச் சத்தம். 10 மீட்டர்லயே பெல்லட் (சின்னக் குண்டு) ஒரு சாண் அகலத்துக்குச் சிதறுது. பழுதா?

பதில் 1: பழுதில்லைங்க. கம்ப்ரெஷன் அறையில மிச்சமிருக்கிற ஃபேக்டரி எண்ணெய், காத்து அழுத்தச் சூட்டுல எரியுது. பேரல்ல காஞ்ச துணியை, வெள்ளையா வர்ற வரை இழுங்க. 200, 300 பெல்லட்டுக்குள்ள அடங்கிடும். அதுவரை ஸ்கோப் ஜீரோ பண்றது (குண்டு விழற இடத்துக்கு ஏத்தபடி குறிநோக்கியைச் சரி பண்றது) வீண் வேலை. காத்துத் துளையில (அழுத்தக் காத்து பேரலுக்குப் போற வழி) எண்ணெய் விடவே கூடாது, சீல் (பிஸ்டன்ல காத்து கசியாம அடைக்கிறது) கருகிடும். பெல்லட் இல்லாமலும் சுடாதீங்க. பிஸ்டன் நேரா மோதி சீலும் ஸ்பிரிங்கும் போயிடும்.

பதில் 2 (கடலூர்): ஸ்டாக் (துப்பாக்கிக் கட்டை) ஸ்க்ரூவை முதல்ல பாருங்க, அதிர்வுல தளரும். முன்கட்டையை இறுக்கிப் பிடிக்காம உள்ளங்கையில சும்மா தாங்குங்க. நம்ம உப்புக்காத்துக்கு வெளி இரும்பை மட்டும் எண்ணெய்த் துணியால துடைச்சு வைங்க.

கேட்டவர்: முன் ஸ்க்ரூ ரெண்டும் லூஸ்தாங்க!