மன்னர் மாறிய நாளில் எங்கே இருந்தீர்கள்?

முழு மன்னராட்சி, அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சி என்று பாடப்புத்தகம் இரண்டாகப் பிரித்துவிட்டுப் போய்விடும். அப்படி மன்னர் இருக்கும் நாடுகளில் வேலை பார்த்தவர்கள், குடியிருந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். மன்னர் இறந்த நாள், விலகிய நாள், புதியவர் வந்த நாள் என்று நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

மஸ்கட்

கட்டுமான நிறுவனம் ஒன்றில் டைம்கீப்பர் வேலை. 2020 ஜனவரி 11, சனிக்கிழமை. விடியும் முன்பே ரூமில் எல்லோருடைய போனும் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஓமான் சுல்தான் காபூஸ் முந்தின நாள் இறந்துவிட்டார். 1970ல் தந்தையை இறக்கிவிட்டு ஆட்சிக்கு வந்தவர். அப்போது நாட்டில் மூன்றே மூன்று பள்ளிக்கூடங்கள்தான் என்று ஓமானியர்கள் சொல்லிச் சொல்லி எங்களுக்கே மனப்பாடம். எங்கள் ஃபோர்மேனுக்கு ஐம்பது வயது இருக்கும், வேறொரு சுல்தானைப் பார்த்ததே இல்லை. பிக்கப் வண்டியின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அழுதார்.

எங்களுக்கு வேறு பயம். சுல்தானுக்குப் பிள்ளை இல்லை. பட்டத்து இளவரசர் என்று யாரையும் அறிவிக்கவும் இல்லை. அரச குடும்பத்தார் மூன்று நாளுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், முடியாவிட்டால் சுல்தான் எழுதி மூடி வைத்த உறையைத் திறக்க வேண்டும் என்பது சட்டம். நாற்பது லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கும் நாட்டின் அடுத்த தலைவர் ஓர் உறைக்குள்! ரூமில் இருந்த பெரியவர் ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

குடும்பத்தார் மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. உறையையே திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திறந்ததை டிவியிலும் காட்டினார்கள். உள்ளே இருந்த பெயர் சித்தப்பா மகன் ஹைதம் பின் தாரிக். அன்றைக்கே பதவியேற்பும் முடிந்தது, அடக்கமும் முடிந்தது. 2021 ஜனவரியில் புதிய அடிப்படைச் சட்டம் வந்து, இனி மூத்த மகனே பட்டத்து இளவரசர் என்று ஆனது. உறைக்கு வேலை போய்விட்டது. ஃபோர்மேனிடம், இந்த ஏற்பாடு தேவலையா என்று கேட்டேன். "என்னை யார் கேட்டார்கள், நீதான் கேட்கிறாய்" என்றார்.

டோக்கியோ

மஸ்கட் அண்ணா, உங்களுக்கு உறை, எங்களுக்கு டேட் ஃபார்மட். ஜப்பானில் பேரரசர் மாறினால் ஆண்டின் பெயரே மாறும். பேரரசர் அகிஹிதோ 2019 ஏப்ரல் 30ல் விலகினார். அன்றைக்கு ஹெய்செய் 31, மறுநாள் ரெய்வா 1. அந்தப் பெயரையே ஏப்ரல் 1ல்தான் அறிவித்தார்கள். அரசு அலுவலகப் படிவங்களுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் குழுவுக்கு முப்பது நாள் அவகாசம். முதல் ஆண்டை "1" என்று அச்சிடுவதா, மரபுப்படி "கன்னென்" என்று அச்சிடுவதா என்று மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. நாடு முழுக்கப் பத்து நாள் விடுமுறை. எங்களுக்கு இல்லை, சொல்லவும் வேண்டுமா.

அந்தச் சமயத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அவர் 2016 ஆகஸ்டில் வீடியோவில் நாட்டு மக்களிடம் பேசியபோது, வயதாகிறது, கடமையைச் சரியாகச் செய்ய முடியுமா என்று கவலையாக இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். "விலகுகிறேன்" என்ற சொல் வாயில் வரவில்லை. அரசாங்கம் தொடர்பான எந்த அதிகாரமும் அவருக்குக் கிடையாது என்கிறது அரசியலமைப்பு, அதனால் அப்படிச் சொன்னாலே அரசியலில் தலையிட்டதாகிவிடும். மக்கள் புரிந்துகொண்டார்கள். நாடாளுமன்றம் 2017ல் அவர் ஒருவருக்காகவே தனிச்சட்டம் போட்டது. என் மேனேஜரிடம் ராஜினாமா சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அவருக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல்.

பாங்காக்

2016 அக்டோபர் 13. தாய்லாந்து மன்னர் பூமிபோல் இறந்த நாள். எழுபது ஆண்டு ஆண்டவர். மறுநாள் ரயிலில் ஏறினால் பெட்டி முழுக்கக் கறுப்பு. என்னிடம் கறுப்புச் சட்டை ஒன்றுதான் இருந்தது. கடைகளில் தீர்ந்துபோய், தெருவோரத்தில் பெரிய பானைகளில் சாயம் கொதிக்க வைத்து, கொண்டுவரும் துணியையெல்லாம் இலவசமாக முக்கிக் கொடுத்தார்கள். என் மஞ்சள் சட்டை இரண்டும் அப்படித்தான் போயின. ஒன்று பாசி நிறமாகத்தான் வந்தது, அதையும் போட்டுக்கொண்டு திரிந்தேன். அழுகை நாடகமில்லை. பக்கத்து மேசைப் பெண் ஒரு வாரம் சரியாகப் பேசவே இல்லை. உடலை எரியூட்டியது ஓராண்டு கழித்து, 2017 அக்டோபர் 26ல்.

இங்கே 1932லேயே முழு மன்னராட்சி முடிந்துவிட்டது. ஏட்டில் இது அரசியலமைப்பு மன்னராட்சி. ஆனால் குற்றவியல் சட்டத்தில் 112ஆவது பிரிவு இருக்கிறது, மன்னர், ராணி, பட்டத்து வாரிசு, மன்னரின் பதிலாள் ஆகியோரை அவமதித்தால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை. சேர்ந்த முதல் நாளே நிறுவனத்தில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, கீழே விழும் ரூபாய் நோட்டைக்கூட, அதாவது பாட் நோட்டை, காலால் மிதித்து நிறுத்தாதே, அதில் மன்னர் படம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார்.

மஸ்கட்

தம்பி, புதிய மன்னர் வந்த பிறகு ஏதாவது மாறியதா? அதையும் எழுதுங்களேன்.

லண்டன்

வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்து வேலை. 2022 செப்டம்பர் 8 மாலை ராணி இறந்த செய்தி வந்தது. இரண்டு நாள் முன்னால்தான் புதிய பிரதமரை நியமித்திருந்தார். காலையில் அலுவலகம் போனால் "குயின்ஸ் கவுன்சில்" என்ற பட்டம் பெற்ற மூத்த வழக்கறிஞர்கள் அத்தனை பேரும் "கிங்ஸ் கவுன்சில்". யாரும் கையெழுத்துப் போடவில்லை, மனு கொடுக்கவில்லை. இரவோடு இரவாக மாறிவிட்டது. பெயர்ப்பலகை, கடிதத்தாள், கையொப்ப முத்திரை எல்லாவற்றையும் திருத்தும் வேலை என் தலையில்.

ராணியின் உடலை வைத்திருந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் வரிசையிலும் நின்றேன். பதினொரு மணி நேரம். பெட்டியின் முன்னால் சில நொடிதான், தலையைக் குனிந்தேன், நகரச் சொல்லிவிட்டார்கள். அதே வாரம் ஆக்ஸ்ஃபோர்டில், புதிய மன்னர் சார்லஸைப் பற்றி, இவரை யார் தேர்ந்தெடுத்தது என்று சத்தம் போட்ட ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டது. பாங்காக் தம்பி எழுதியதைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது. ஆனால் அவரைப் பிடித்தது தப்பு என்று மறுநாள் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த உரக்கப் பேசியதைத்தான் சொல்ல வந்தேன்.

கோலாலம்பூர்

இங்கே மாமன்னர் மாறுவது பெரிய அதிர்ச்சியில்லை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறியே ஆக வேண்டும். ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் கூடி, தங்களில் ஒருவரை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பார்கள். மன்னர்களுக்கு மட்டும் ஓட்டு என்று எங்கள் அப்பா கிண்டல் செய்வார். 2019 ஜனவரியில் ஒருவர் பாதியிலேயே விலகினார். அப்போதும் கடைகள் திறந்துதான் இருந்தன.

ஆனால் அவர் வெறும் பொம்மை என்று நினைத்திருந்த என்னை 2022 திருத்தியது. நவம்பர் 19 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஐந்து நாள் பிரதமர் யாரென்றே தெரியாது. நாடாளுமன்ற உறுப்பினர்களையும் மற்ற ஆட்சியாளர்களையும் அழைத்துப் பேசி, 24ஆம் தேதி அன்வார் இப்ராஹிமைப் பிரதமராக நியமித்தது அப்போதைய மாமன்னர் சுல்தான் அப்துல்லா. யாருக்குப் பெரும்பான்மை ஆதரவு இருக்கும் என்று முடிவு செய்யும் உரிமை சட்டப்படி அவருடையது. வழக்கமாக அந்த உரிமை கண்ணுக்கே தெரியாது. அந்த ஐந்து நாளும் நாங்கள் நாடாளுமன்றப் பக்கம் திரும்பவே இல்லை, அரண்மனை வாசலையே லைவில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாங்காக்

மஸ்கட் அண்ணா, கேள்வியைப் பார்த்தேன். இந்த வருடம் மழை அதிகம்.

மஸ்கட்

புரிந்தது தம்பி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புருணை

எனக்கு எழுத அப்படியொரு நாளே இல்லை. தந்தை விலகி 1967ல் வந்தவர்தான் இன்றும் சுல்தான். பிரதமரும் அவரே, நிதி அமைச்சரும் அவரே. 1962ல் போட்ட அவசரநிலை இன்னும் நீடிக்கிறது. வருமான வரி கிடையாது, அதனால் எங்கள் கேம்பில் அரசியல் பேச்சும் கிடையாது.

நோன்புப் பெருநாளை ஒட்டி இஸ்தானா நூருல் இமான் அரண்மனையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். 1,788 அறைகள். யார் வேண்டுமானாலும் போகலாம், நானும் சக தொழிலாளி ஒருவரும் இஸ்திரி போட்ட சட்டையில் போனோம். முதலில் சாப்பாடு, அப்புறம் வரிசை. ஆண்கள் சுல்தானுக்கு, பெண்கள் ராணிக்குக் கை கொடுப்பார்கள். என்ன சொல்வது என்று வரிசை முழுக்க ஒத்திகை பார்த்தேன். எதிரே வந்ததும் ஒன்றுமே வரவில்லை, கையைப் பிடித்தார், விட்டார், அடுத்தவர். வெளியே வரும்போது ஆளுக்கொரு கேக் பெட்டி கொடுத்தார்கள்.

நண்பர் அந்த வெறும் பெட்டியை இன்னும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் நகல்கள் அதில்தான்.